கற்கண்டுக் கட்டியும் சந்தேக அக்காவும்

புருஷனின் அக்காவுக்குச் ‘சந்தேக அக்கா’ என்று பெயர் இருப்பது, கல்யாணமாகி வந்த அன்றே புது மருமகளின் காதில் விழுந்தது. அக்கா தராசைக்கூட நம்பமாட்டார். குடும்பத்து மளிகைக் கடையில் அழகுக்கு வைத்திருந்த பெரிய கற்கண்டுக் கட்டியைத் தினமும் கண்ணாடி ஜாடித் தண்ணீரில் முக்கி, மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார். ஏற்றம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

“நீதான்டி கொறிக்கிற. எங்க, வாயைத் திற! நாளைக்கே உன்னை அம்மா வீட்டுக்கு அனுப்புறேன் பாரு.”

“ஐயோ அண்ணி, நான் தொடவே இல்ல. முக்கின தண்ணியைக் கொஞ்சம் குடிச்சுப் பாருங்க.”

குடித்தார். தித்தித்தது. கட்டியைக் கரைத்த கை தன்னுடையதுதான் என்று அக்காவுக்குத் தெரிந்தது.

அம்மா வீட்டுப் பேச்சு அதோடு நின்றது, சந்தேகம் நிற்கவில்லை. இன்றைக்கும் அக்கா அதே கடையில்தான் இருக்கிறார். கட்டியைத் தண்ணீருக்குப் பதில் கடுகுக்குள் புதைத்து அளக்கிறார்.