பார்த்துவிட்டேன் என்று சொன்னேன்

ஓசூரில் குடியிருந்துகொண்டு, எல்லையோரம் ஒரு சிறிய விமானத்திடலில் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுத்து வந்தேன். இடத்தின் பெயரை எழுதப்போவதில்லை. ஒரே ஓடுபாதை. மூன்று மாடி உயர டவர். அதில் பெரும்பாலும் ஒரே அதிகாரி, ராடார் கிடையாது. அவர் பைனாகுலரோடு நின்று எங்களைப் பார்ப்பார். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள வேண்டும். டவர் இருக்கிறதே என்று வெளியே பார்ப்பதை விட்டுவிடாதீர்கள் என்று ஒவ்வொரு மாணவரிடமும் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

அன்று சனிக்கிழமை காலை. சர்வீஸ் முடிந்து வந்த விமானத்தைச் சோதித்துப் பார்க்க, தனியாகச் சூளகிரி வரை பறந்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். முழங்காலில் கட்டியிருந்த தாளில் எண்ணெயின் சூடு, அழுத்தம் எல்லாம் குறித்துக்கொண்டே வந்தேன்.

அதே நேரத்தில் என் மாணவி ஒருத்தி தனியாக விமானத்தை ஏற்றி இறக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். சிங்காரப்பேட்டைப் பக்கம் பிறர் நிலத்தில் வேலை செய்த குடும்பம். அவளுடைய அப்பா ஓசூர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் வேலைக்கு வந்தவர். தனியாகப் பறப்பது அவளுக்கு அது மூன்றாவது தடவை.

ரேடியோவில் பேச்சு இங்கிலீஷில்தான். டவர் அதிகாரி கேட்டது இதுதான்: உங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளை விமானம் இறங்க வருகிறது, தெரிகிறதா?

தலையைத் தூக்கினேன். வானம் மங்கலாக இருந்தது. கீழே ரோஜா வளர்க்கும் பாலிஹவுஸ்களின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அவற்றுக்கு மேல் ஏதோ வெள்ளையாக நகர்ந்த மாதிரி இருந்தது.

பார்த்துவிட்டேன் என்றேன். அதன் பின்னாலேயே வாருங்கள் என்றார். நான் மறுபடி தாளைக் குனிந்து பார்த்தேன்.

அந்த வெள்ளை விமானத்தில் இருந்தவள் என் மாணவி. பார்த்துவிட்டேன் என்று சொன்ன நிமிடத்திலிருந்து அவளிடமிருந்து விலகிப் பறப்பது என் பொறுப்பு. நான் பார்த்தது அவளை அல்ல, ஏதோ ஒரு கூரையின் வெளுப்பை. நான் தாளைப் பார்த்துக்கொண்டே நெருங்கியதில் அவள் எனக்கு நேர் கீழே வந்துவிட்டிருந்தாள். என் விமானத்துக்கு இறக்கை உடலுக்கு அடியில், அவளுடையதற்கு உடலுக்கு மேலே. என் இறக்கை அவளை எனக்கு மறைத்தது. அவள் இறக்கை என்னை அவளுக்கு மறைத்தது. இதைக் கரும்பலகையில் படம் போட்டுக் கற்றுக்கொடுத்தவன் நான். திரும்பி இறங்க ஆரம்பித்தேன்.

"மேல போங்க. உடனே மேல போங்க." டவர் அதிகாரி தமிழில் பேசி அன்றுதான் ரேடியோவில் கேட்டேன்.

இழுத்து மேலேற்றினேன். சாய்ந்த பக்கம் பார்த்தபோது அவள் இறக்கை தெரிந்தது. அதில் எழுதியிருந்த எழுத்துகளைப் படிக்க முடிந்தது.

இருவரும் பத்திரமாக இறங்கினோம். தலைமைப் பயிற்சியாளர் என்னைத்தான் முதலில் கூப்பிட்டுக் கேட்டார்.

"பாத்தேன் சார். அப்புறம் அந்தப் பொண்ணு ரொம்ப வேகத்தக் குறைச்சிட்டா போல," என்றேன்.

யோசிக்காமலே வந்துவிட்டது அந்தப் பொய். யாரும் அதைச் சந்தேகிக்கவில்லை. எனக்குப் பதினோரு வருட அனுபவம். அவள் புதுசு. சொன்ன வேகத்தில்தான் வந்தேன் என்று அவள் இரண்டு முறை சொன்னாளாம். அவள் இனித் தனியாகப் பறக்கக் கூடாது, மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும் என்று முடிவாயிற்று.

மறுநாள் ஹேங்கர் வாசலில் அவள் என்னிடம் வந்தாள்.

"சாரி சார். என்னால உங்களுக்கும் ஆபத்தாப் போச்சு."

"பரவால்லம்மா. இனிமே கவனமா இரு."

இந்தப் பதிலை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மூன்று வாரம் அப்படியே போயிற்று. நன்றாக இறங்கிக்கொண்டிருந்தவள் தடுமாறினாள். கண்ணை வெளியே வைக்காமல் வேகம் காட்டும் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, "வெளிய பாரும்மா, வெளிய பாரு," என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் தாங்க முடியாமல் டவர் அதிகாரியிடம் போய் உண்மையைச் சொன்னேன். அவர் தர்மபுரிக்காரர். டீயைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டார்.

"எனக்கு அன்னிக்கே தோணுச்சுங்க. நான் கேட்டு முடிக்கல, நீங்க பதில் சொல்லிட்டீங்க. தேடிப் பாக்கறவங்களுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"நீங்க சொன்னா நம்பணும்னுதான் எனக்கும் தோணுச்சு. அது என் தப்பு. ஆனா சொல்ல வேண்டியது நீங்க."

அன்றே தலைமைப் பயிற்சியாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, கற்றுக்கொடுப்பதை நிறுத்தச் சொன்னார். பிறகு அவளைத் தேடிப்போனேன். பஸ் நிற்கும் இடத்தில் அப்பாவோடு நின்றிருந்தாள். அவர் முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன்.

"அப்போ என் வேகம் சரியாத்தான் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"சரியாத்தான் இருந்துச்சு."

"நான் எங்கப்பாகிட்டகூட என் தப்புன்னுதான் சொன்னேன் சார்."

அவள் அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "பஸ் வருது, வா," என்று மட்டும் மகளிடம் சொன்னார்.

அவள் வேறு பள்ளிக்கு மாறி உரிமம் வாங்கிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். எனக்குச் சில மாதங்களுக்குப் பிறகு கற்றுக்கொடுக்க அனுமதி திரும்பக் கிடைத்தது. தெரிகிறதா என்று டவர் கேட்கும்போது, இப்போதெல்லாம் பல தடவை, தெரியவில்லை என்றுதான் சொல்கிறேன். அவளிடம் மன்னிப்புக் கேட்டேனா என்று மனைவி கேட்டாள். நடந்ததைச் சொன்னேனே தவிர, அந்த வார்த்தையைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.