கம்ஃபர்டேபிளுக்கு எத்தனை தட்டு

என் அக்கா ஞானசௌந்தரி 2005-இல் ஹைடெக் சிட்டியில் ஒரு கால் சென்டர் பயிற்சியில் சேர்ந்தாள். ஆறு வாரம். கடைசியில் உச்சரிப்புத் தேர்வு. தேறினால்தான் வேலை. எங்கள் வீடு இருந்த லோத்குண்டாவிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போவாள்.

பயிற்சியாளர் பெயர் வின்ஸ். முதல் நாளே அக்காவின் பெயர் ரொம்ப நீளம் என்று ஜீனா ஆக்கிவிட்டார். ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லையும் அசை பிரித்து, அசைக்கு ஒரு தட்டாகக் கைதட்டிச் சொல்ல வேண்டும். 'கம்ஃபர்டேபிள்' வந்தபோது அக்கா நான்கு தட்டினாள்: கம், ஃபர், டே, பிள். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். எழுத்திலேயே டேபிள் இருக்கிறதே. வெள்ளைக்காரர்களுக்கு மூன்றுதானாம்: கம்ஃப், ட, பிள்.

திருத்தியதில் எனக்குக் கோபமில்லை. அவர் வகுப்பு நடுவில் ஒரு மேஜையை இழுத்துப் போட்டு, இது ஜீனாவின் டேபிள் என்று சொல்லி, ஒரு வாரம் அவளை அதன் பக்கத்தில் நிற்க வைத்தார். அதை நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றி எரிகிறது.

அக்கா விடவில்லை. அரிசி களைந்த ஈரக் கையோடு மூன்று தட்டு. ஜெபம் முடிந்து ஆமென் சொன்னதும் மூன்று தட்டு.

"என்ன ஏட்டி, கொசு அடிக்கியா?" என்றாள் அம்மா.

தேர்வன்று மூன்றும் சரியாக விழுந்தன. அப்போதும் வின்ஸ், மேஜையை வித்துட்டியா என்று ஆங்கிலத்தில் கேட்டு வகுப்பைச் சிரிக்க வைத்தார். முந்தின நாள்தான் அவர் மாடிப்படியில் நின்று, "சாப்டேம்மா, ரசம் சாதம்" என்று போனில் பேசியதை அக்கா கேட்டிருந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையிலும் முழுப் பெயர் பொடி எழுத்தில் இருந்தது.

"சார், இப்ப உங்க பேரைத் தட்டட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தட்டினாள். "வெங், க, ட, ரா, மன். அஞ்சு. என் பேரும் அஞ்சுதான் சார். ஞா, ன, சௌந், த, ரி."

பின்வரிசையில் யாரோ சேர்ந்து தட்டினார்கள். வின்ஸ் முகம் சிவந்து பேப்பரைப் பார்த்தார்.

முடிவுத் தாளில் உச்சரிப்பு தேர்ச்சி, நடத்தை பொருத்தமில்லை என்று வந்தது. வேலை போயிற்று. வாயை அடக்கியிருக்கலாம் என்று அப்பா இரண்டு நாள் திட்டினார். மேஜையை இழுத்துப் போட்டவரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இப்போது அக்கா ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியில் போன் எடுக்கிறாள். முழுப் பெயரையும் சொல்லித்தான் எடுப்பாள். வேலை எப்படி என்று யாராவது கேட்டால், கம்ஃபர்டேபிள் என்பாள், நான்கு தட்டாக. மூன்று தட்டாகச் சொல்லவும் அவளுக்குத் தெரியும். சொல்ல மாட்டாள்.