ராசு வாங்கிய நாலு பைக்

காலையில் டீக்கடைப் பேப்பரில் ஒரு பைக் கம்பெனியின் ஆண்டு விற்பனைச் செய்தி. விற்பனை சரிவாம். மழை பொய்த்ததால் கிராமங்களில் வாங்குவார் இல்லையாம். எனக்கு டீ புரையேறிவிட்டது. இதே காரணத்தை நான் சொன்னபோது என்ன பாடு படுத்தினார்கள் தெரியுமா?

அப்போது ஒரத்தநாட்டில் ஒரு பைக் ஷோரூமில் சேல்ஸ்மேன். கல்யாணமாகி மூன்று மாதம், வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. புது டயர் வாசனை வந்தால் இன்றைக்கும் நான் எதிர்ப்பக்கம் நடந்துவிடுவேன். டயர் பாவம், காரணம் கம்பெனியின் ஏரியா மேனேஜர். எங்கள் பக்கம் சம்பா அறுத்துத் தை பிறந்தால்தான் பைக் வாங்குவார்கள். அந்த வருஷம் மேட்டூர் அணையே திறக்கவில்லை.

"தை பொறந்தும் ஏன்டா விக்கல?"

"ஆத்துல தண்ணி வரலைங்க சார்..."

"நீ பைக் விக்கிறியா, படகு விக்கிறியா?"

கடையே சிரித்தது. மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடத்தைப் பார்க்க அன்றைக்கென்று வந்திருந்த என் மாமனாரும் சிரித்தார். மற்றவர்களை மன்னித்துவிட்டேன். சிரிக்க வைத்தவனை மன்னிக்கவில்லை.

மார்ச் வந்தது. வருஷக் கணக்கை முடிக்க வேண்டும், இலக்குக்குப் பன்னிரண்டு வண்டி குறைவு. "யார் பேர்லயாவது பில் போடு, இல்லேன்னா வீட்டுக்குப் போ" என்றார் மேனேஜர். போட்டேன். விற்காத பன்னிரண்டு வண்டிகளையும் பக்கத்து ரைஸ் மில்லில் தார்ப்பாய் போட்டு மூடினோம்.

வண்டி எடுப்பவருக்கு மாலை போட்டு, சாவி கொடுத்து, போட்டோ எடுத்துச் சுவரில் ஒட்டுவது எங்கள் வழக்கம். விற்காத வண்டிக்கும் போட்டோ வேண்டுமே! அங்கேதான் என் மூளை வேலை செய்தது. "நீங்களே சாவி கொடுத்தா எடுப்பா இருக்கும் சார்" என்றேன். உடனே சீப்பை எடுத்துவிட்டார். கேமராவை மட்டுமே பார்க்கும் மனிதர், சாவி வாங்குபவன் முகத்தை எங்கே பார்க்கப் போகிறார்? எட்டு வண்டிக்கு வேறு வேறு ஆட்கள்; மீதி நாலுக்கும் மில்லில் மூட்டை தூக்கும் ராசுவையே நாலு நாள், நாலு சட்டையில் நிறுத்தினேன்.

"அண்ணே, இன்னிக்குக் கூலிங் கிளாஸ் போட்டுக்கவா?"

"வேணாம்டா, மூஞ்சி தெளிவாத் தெரியணும்."

வறட்சியிலும் இலக்கைத் தொட்ட கிளையைப் பாராட்டச் சென்னையிலிருந்து பெரிய அதிகாரி வந்தார். சரியாகப் பதினொரு மணிக்கு வரும்படி ராசுவிடம் சொல்லி வைத்திருந்தேன். பக்கத்தில் நின்று மேனேஜரின் முகத்தை அணு அணுவாக ரசிப்பதாகத் திட்டம். சத்தியமாகச் சொல்கிறேன், பத்து ஐம்பத்தைந்துக்கே நான் கக்கூசுக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். மீதி எல்லாம் காதால் கேட்டதுதான்.

"போட்டோவுல இவரு யாரு, நாலு வண்டி வாங்கியிருக்காரே?"

"இந்தப் பக்கத்துப் பெரிய மிராசுதாருங்க சார்." இது மேனேஜர்.

அப்போது வாசலில் ராசுவின் குரல். "அண்ணே, மில்லுல உங்க பன்னெண்டு வண்டியும் வழிய அடைச்சிக்கிட்டு நிக்கிது. மொதலாளி எடுக்கச் சொல்றாரு!"

ஒரு வாரத்தில் மேனேஜரைத் தூக்கினார்கள். என்னை அன்று சாயங்காலமே. பில் என் கையெழுத்தில் அல்லவா இருந்தது! மாமனார் கதையைக் கேட்டு மறுபடியும் சிரித்தார், இந்தத் தடவை என் தோளைத் தட்டிக்கொண்டு.

ஷோரூமும் மில்லும் மூடிப்போய் ரொம்ப நாள் கழித்து, பட்டுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஒருவர் என்னிடம் தஞ்சாவூர் பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டார். அதே மேனேஜர்தான். முடி கொட்டியிருந்தது. என்னைத் தெரியவில்லை. வேறு திசையில் போகும் கூத்தாநல்லூர் பஸ்ஸைக் காட்டினேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றார்.

என்னை அவர் 'ங்க' போட்டுப் பேசியது அதுதான் முதல் தடவை. மனசு லேசாக இளகியது. அதற்குள் பஸ் கிளம்பிவிட்டது. திரும்பி வந்து உதைப்பாரோ என்று கால் மணி நேரம் கரும்பு ஜூஸ் வண்டிக்குப் பின்னால் நின்றேன்.

அந்த பஸ்ஸையும் இப்போது நிறுத்திவிட்டார்கள். இன்னொரு தடவை வந்து கேட்டால் அவரை எதில் ஏற்றிவிடுவது என்பதுதான் தெரியவில்லை.