கேபிள் ஒயர் வழியாக வந்தது

கரண்ட் என்றால் எனக்குப் பயம். சும்மா பயம் இல்லை. மிக்ஸி பிளக்கைப் பிடுங்கும்போதுகூட மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பிடுங்குவேன். கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரர் இதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார். "டீச்சரம்மா, சுவிட்சு கடிக்காது" என்பார். கடிக்காதாம்! கடி வாங்கினவர்களைக் கேட்டால் தெரியும். அவர் குவைத்துக்குப் போன பிறகு வீட்டில் ஃபியூஸ் போனால் பக்கத்து வீட்டு அக்காதான் வந்து போட வேண்டும். அவர்களும் என்னைத் திட்டிக்கொண்டே போட்டுவிட்டுப் போவார்கள்.

இப்படிப்பட்டவள் தலையில்தான் ஒரு நாள் ஒயர் வேலை வந்து விழுந்தது.

காரணம் மாமா. என் வீட்டுக்காரரின் அப்பா. பக்கவாதம் வந்து அவருக்கு வலது பக்கம் அடியோடு மரத்துப்போயிருந்தது. வலது காலைக் கிள்ளினாலும் தெரியாது. பேச்சும் போய்விட்டது. "ம்ம்" என்று ஒரு சத்தம் மட்டும் மிச்சம். பசி என்றாலும் அதுதான், கோபம் என்றாலும் அதுதான். ஆனால் புத்தி தெளிவாக இருந்தது. நாம் சொல்வதெல்லாம் புரியும். அத்தை எப்போதோ போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்களுக்குக் குழந்தை இல்லை. வீட்டில் நானும் மாமாவும்தான்.

பாத்ரூம் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அவரை அடுக்களைக்குப் பின்னால் இருக்கும் அறையில் படுக்க வைத்திருந்தோம். நான் தனியார் பள்ளியில் டீச்சர். காலையில் போனால் சாயந்திரம்தான் வருவேன். மத்தியானம் பக்கத்து வீட்டு அக்கா வந்து சோறு ஊட்டுவார்கள். மற்ற நேரம் முழுக்க அவர் தனி. போர்டில் கணக்கு எழுதிக்கொண்டிருப்பேன், இப்போது உருண்டு விழுந்திருப்பாரோ, மூச்சு இருக்கிறதோ இல்லையோ என்று திடீரென்று நினைப்பு ஓடும். பிள்ளைகள் "மிஸ், மிஸ்" என்று கூப்பிடுவதுகூடக் காதில் விழாது. இதற்குத்தான் அந்த அறையில் கேமரா வைக்க ஆசைப்பட்டோம். கேமராவுக்கு நெட் வேண்டும். எங்கள் வீட்டு நெட்டோ ஹாலைத் தாண்டி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. பின்னறைக்குப் புது ஒயர் இழுக்கச் சொன்னால், இன்று வருகிறேன் நாளை வருகிறேன் என்று நெட்காரர் இழுத்தடித்தார்.

அப்போதுதான் என் வீட்டுக்காரர், குவைத்திலிருந்து ஊருக்கு வந்த மங்கலம்பேட்டைக்காரர் ஒருவரிடம் ஒரு கேமராவையும் இரண்டு டப்பாக்களையும் கொடுத்தனுப்பினார். உள்ளங்கை அகலத்தில் தகர டப்பா.

"நம்ம வூட்ல பழைய கேபிள் டிவி ஒயரு இருக்குதில்ல, ஹால்லேர்ந்து மாடி வழியா அப்பா ரூமுக்கு? அதுலயே நெட்டு போவும். ஹால்ல ஒரு டப்பா, அப்பா ரூம்ல ஒரு டப்பா. அவ்ளோதான் வேல" என்றார் வீடியோ காலில்.

"அதுல கரண்ட்டு இருக்குமாங்க?"

"டிவி ஒயரும்மா அது. அதுல ஏது கரண்ட்டு?"

"தெருவுலேர்ந்து வர்றதாச்சே."

"டிஷ்ஷு வச்சப்பவே தெரு ஒயர நான் கழட்டி வுட்டுட்டேன். இப்ப நம்ம வூட்டுக்குள்ள ஓடுறது மட்டுந்தான் இருக்குது. நீ திருவுறியா, இல்ல நான் லீவு போட்டுட்டு வரவா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. திருகினேன். ஹாலில் ஒன்றை மாட்டி முடித்தேன். பின்னறையில் ஒயர் கட்டையாக இருந்தது, இழுத்தால் மாமாவின் கட்டில் தலைமாடுவரைதான் வந்தது. "கட்டில் கம்பியிலயே டப்பாவ மாட்டி வுடு" என்றார். "இரும்புக் கட்டில்லயா?" என்று கேட்டேன். "ஆமா, பின்ன வானத்துலயா மாட்டுவ?" என்றார். மாட்டினேன். கேமராவை எதிரே வைத்து டப்பாவோடு சேர்த்ததும் பச்சை விளக்கு எரிந்தது. போனில் மாமா தெரிந்தார். படுத்தபடியே கேமராவை முறைத்துப் பார்த்தார். நான் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன்.

கொஞ்ச நாள் நிம்மதியாகப் போனது. இடைவேளை மணி அடித்ததும் ஸ்டாஃப் ரூமில் போனைத் திறப்பேன். மாமா தூங்கிக்கொண்டிருப்பார், போர்வை ஏறி இறங்கும். அது போதும் எனக்கு. அங்கே குவைத்தில் அவரும் பார்ப்பார். "அப்பாவுக்கு முடி வெட்டணும் போல" என்று மெசேஜ் வரும்.

அப்புறம் ஐப்பசி மழை பிடித்தது. மாமாவின் நடவடிக்கையும் மாறியது.

கேமராவில் பார்த்தால், கட்டில் கம்பியில் சாய்ந்தபடி இடது கையைச் சுவரில் வைப்பார். வைத்த வேகத்தில் வெடுக்கென்று எடுத்து நெஞ்சோடு சேர்த்துக்கொள்வார். பிறகு வெகுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார். எனக்கு உயிரே இல்லை. இன்னொரு அட்டாக் வரப்போகிறதோ, நல்ல கையும் போகப்போகிறதோ என்று நினைத்தேன். சாயந்திரம் வந்து உடம்பு துடைத்துவிடப் போனால் என் கையை ஓங்கித் தட்டிவிட்டார். தண்ணீர்க் கிண்ணம் ஒரு பக்கம் உருண்டது. "ம்ம்! ம்ம்!" என்று கத்தினார். கண் பிதுங்கி நின்றது. கட்டில் பக்கம் ஓர் அடி வைத்தாலே கையை வீசினார். மறுநாளும் அப்படியே.

"என்னையுந்தான்டி கிட்ட சேக்கல. ஸ்பூன நீட்டி எட்ட நின்னு ஊட்டிட்டு வரேன்" என்றார்கள் அக்கா. "வயசானா இப்பிடித்தான் புத்தி பெரண்டு போவும். டாக்டர்கிட்ட காட்டு."

எனக்குத் தாங்கவில்லை. மலம் மூத்திரம் அள்ளினவளை அடிக்கிறாரே என்று இருந்தது. வீட்டுக்காரரிடம் ஒரு பாட்டம் கொட்டித் தீர்த்தேன். "உங்கப்பாவுக்கு என்னக் கண்டாலே ஆவல. எங்கனா ஆள் பாத்து வச்சிக்கிங்க."

அன்றைக்குச் சனிக்கிழமை, அரை நாள் பள்ளி. நனைந்துகொண்டு வந்தேன். மழை கட்டிக்கொண்டு, மத்தியானமே இருட்டிவிட்டது. பின்னறைக்குள் சாரல் அடித்துத் தரையெல்லாம் ஈரம். அந்த அறைக்குள் போகும்போது எப்போதும் ரப்பர் செருப்பைப் போட்டுக்கொள்வேன். அன்றைக்குச் செருப்பில் ஒரே சேறு, வாசலிலேயே விட்டுவிட்டு வெறுங்காலோடு போனேன். மாமாவின் காலைத் தொங்கப்போட்டு வெந்நீரில் வைக்கச் சொல்லியிருந்தார் பயிற்சி கொடுக்க வருகிறவர். அடி விழுந்தாலும் பரவாயில்லை, இன்றைக்கு விடுவதில்லை என்று டப்பில் வெந்நீர் கொண்டுவந்து கட்டிலுக்குக் கீழே வைத்தேன். மாமா கத்தினார். "கத்துங்க, நல்லாக் கத்துங்க" என்று சொல்லிக்கொண்டே கட்டில் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.

தோள்பட்டைவரை ஒரே இழுப்பு. யாரோ உதைத்துத் தள்ளியதுபோல் பின்னால் போய் உட்கார்ந்தேன். பல் கிட்டித்துக்கொண்டது. கத்தக்கூட முடியவில்லை.

எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. ஓடிப்போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு, அலமாரியிலிருந்து கரண்ட் பார்க்கிற டெஸ்டரை எடுத்துவந்து கம்பியில் வைத்தேன். உள்ளே சிவப்பாக எரிந்தது. ஐயோ என்று ஓடி மெயினை அணைத்தேன். வீடே இருட்டானது. திரும்பி வந்து மறுபடியும் டெஸ்டரை வைத்தேன்.

எரிந்தது.

மெயின் ஆஃப். ஃபேன் நின்றுவிட்டது. டப்பாவில் பச்சை விளக்கும் இல்லை. ஆனாலும் கட்டிலில் கரண்ட் இருக்கிறது. என் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது. பேய் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த நிமிஷம் நம்பியிருப்பேன். கட்டிலில் மாமா இருக்கிறார். அவரைத் தொட முடியாது. தொடாமல் எப்படி இறக்குவது?

இந்த மனிதர் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று பார்த்தபோதுதான் கட்டில் கால்கள் கண்ணில் பட்டன. எங்கள் ஊரில் கட்டில் காலுக்கு யாரும் செங்கல் தேடுவதில்லை. பீங்கான் சாமான் செய்கிற யூனிட்டுகளில் கழித்துப் போட்ட உருப்படி எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். தரை ஈரத்தில் கால் துருப்பிடிக்காமலிருக்க, கரண்ட் கம்பத்தில் மாட்டுகிற வெள்ளைப் பீங்கான் குமிழைக் காலுக்கு ஒன்றாக வைத்துவிடுவோம். மாமாவின் கட்டிலும் அப்படி நான்கு குமிழ்மேல் நின்றது. அதனால் கரண்ட் தரைக்கு இறங்கவில்லை. அவர் ஈரச் சுவரைத் தொட்டால் மட்டும் சுண்டி இழுக்கும். கால் தரையில் பட்டாலோ, அந்த வெந்நீரில் பட்டாலோ அதோடு முடிந்தது.

அதை நினைத்துக்கொண்டே நிமிர்கிறேன், அவருடைய வலது கால் கட்டிலை விட்டு வழுக்கி இறங்கிக்கொண்டிருந்தது. மரத்துப்போன கால். இறங்குவது அவருக்கே தெரியாது. குதிகாலுக்கு நேர் கீழே டப்பு.

"மாமா! காலு! காலு கீழ போவுது, தூக்குங்க!"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு காலைப் பார்த்தார். இடது கையால் வேட்டியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். கால் கொஞ்சம் ஏறியது. வேட்டி உருவிக்கொண்டு வந்தது, கால் திரும்பவும் இறங்கியது. "முட்டியப் புடிங்க மாமா, முட்டியப் புடிங்க!" அலறுவதைத் தவிர நான் செய்ய ஒன்றும் இல்லை. டப்பை இழுக்கலாம் என்றால், இழுக்கிற இழுப்பில் நீர் அலம்பி அவர் காலில் பட்டுவிடுமோ என்று பயம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு முழங்காலுக்கு அடியில் கையைக் கொடுத்தார். தூக்கினார். கால் மெத்தைமேல் வந்து விழுந்தது.

செருப்புக் காலோடு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறி நின்றேன். காய்ந்த ஒட்டடைக் கம்பால் டப்பாவைக் கட்டில் கம்பியிலிருந்து நெம்பி எடுத்தேன். அது ஒயரோடு வந்து இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலிமேல் விழுந்தது. கட்டிலில் டெஸ்டரை வைத்தேன். எரியவில்லை. டப்பாவின் தகரத்தில் வைத்தேன். எரிந்தது.

அந்த ஒயரில்தான் வருகிறது. மாடிக்கு ஓடினேன். எங்கள் பழைய ஒயரும் பக்கத்து வீட்டுக் கேபிள் ஒயரும் ஒரே இரும்புக் குழாயில் கட்டுக்கம்பியால் சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. வெயிலில் வெடித்த ரப்பருக்குள் கட்டுக்கம்பி புதைந்து இரண்டையும் ஒன்றாக்கியிருந்தது.

"அக்கா! உங்க வூட்டு மெயின ஆஃப் பண்ணுங்க!" என்று கைப்பிடிச் சுவரில் நின்று கத்தினேன்.

"ஏன்டி, எங்க வூட்ல டிவி நல்லாத்தான ஓடுது?"

"மாமா செத்துடுவாருக்கா, அணைங்க!"

அணைத்தார்கள். கீழே வந்து பார்த்தேன், டப்பாவில் கரண்ட் இல்லை. அவர்கள் வீட்டு வெளிச்சுவரில், அவர்கள் கரண்ட்டிலேயே ஓடும் கேபிள் பூஸ்டர் பெட்டி ஒன்று தொங்குகிறது. அதற்குள் மழைத்தண்ணீர் இறங்கி, ஒயரில் ரப்பருக்கு அடியில் இருக்கும் கம்பிப் பின்னலில் கரண்ட் ஏறியிருக்கிறது. அவர்கள் ஒயரிலிருந்து எங்கள் ஒயருக்கு, அங்கிருந்து டப்பாவுக்கு, டப்பாவிலிருந்து கட்டிலுக்கு. கேபிள்காரர் வந்து பெட்டியைக் கழற்றினார். எங்கள் ஒயரை மாடியிலேயே வெட்டிச் சுருட்டிப் போட்டார். "ரெண்டு வூட்டுக்கும் நல்ல நேரங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அக்கா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து அழுதார்கள்.

எல்லோரும் போன பிறகு மாமாவிடம் போனேன். சோறு பிசைந்து எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலை நெருங்கியதும் கையை ஓங்கினார். "ம்ம்! ம்ம்!"

தட்டோடு நின்றுவிட்டேன். அப்போதுதான் மண்டையில் உறைத்தது. இத்தனை நாளும் இவர் என்னை அடிக்கவில்லை. தொடாதே என்றிருக்கிறார். அவரைத் தொட்டால் நான் போய்விடுவேன் என்று விரட்டியிருக்கிறார். அந்தக் கட்டிலை விட்டு இறங்க முடியாமல், வாய்விட்டுச் சொல்லவும் முடியாமல், என்னை மட்டும் விலக்கிக்கொண்டே படுத்திருந்திருக்கிறார். நானோ, உங்கப்பாவுக்கு என்னைக் கண்டாலே ஆகவில்லை என்று குவைத்துக்குப் புகார் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"போயிடுச்சி மாமா. ஒயர வெட்டியாச்சி. கரண்ட்டு இல்ல" என்றேன். நம்பவில்லை. டெஸ்டரை வைத்துக் காட்டினேன், எரியாததைப் பார்த்தும் தலையை ஆட்டினார். கையை வீசுவதை நிறுத்தவே இல்லை.

வேறு வழி தெரியவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலை வைத்தேன். கரண்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கையாலும் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்தேன்.

மாமாவின் தொண்டையிலிருந்து வந்த அலறல் அதுவரை நான் கேட்டதே இல்லை. கண்ணைத் திறப்பதற்குள் என் மணிக்கட்டை அவர் பிடித்துவிட்டார். அந்த ஒற்றைக் கையில் அவ்வளவு பலம் எங்கே இருந்ததோ! என் விரல்களைக் கம்பியிலிருந்து பிய்த்து எடுத்தார். எடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். அந்தக் கம்பியில் இன்னும் கரண்ட் இருக்கிறது என்று நம்பிக்கொண்டேதான் அவர் என்னைத் தொட்டார்.