என் மாமா பார்த்த கொலை

பூவம் சாலையில் ஒரு தலைவர் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்ட கதையை எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். வருடா வருடம் அந்த நாள் வந்தால் கோட்டுச்சேரியிலிருந்து தமிழ்நாட்டு எல்லை வரைக்கும் சுவரொட்டி ஒட்டுகிறார்கள். கண்ணீர் அஞ்சலி, மௌன ஊர்வலம், அன்னதானம் எதற்கும் குறைவில்லை. ஊர்வலத்தின் முன்னால் கைகூப்பி நடப்பவர், தேர்தலில் செத்தவருக்குக் கிடைக்க இருந்த சீட்டில் நின்று ஜெயித்தவர். அந்தக் கூப்பிய கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். கொலை எப்படி நடந்தது என்று அரசாங்கம் எழுதி வைத்திருப்பது பொய். இதை நான் ஊகத்தில் சொல்லவில்லை. அந்தப் பொய்யைத் திருத்திக் கொடுத்தவளே நான்தான். அப்போது எனக்குப் பத்து வயது.

அரசாங்கக் கதை இதுதான். எங்கள் ஊர் டிராக்டர்காரர் சொந்தப் பகை காரணமாக, டீக்கடையில் உட்கார்ந்திருந்த தலைவரை அரிவாளால் வெட்டிவிட்டு வாய்க்கால் கரை வழியே ஓடினார். பகை இருந்தது உண்மைதான். வயலுக்குப் போகிற பொதுப்பாதையில் தலைவர் வேலி போட்டதற்காக, ஊர்க்கூட்டத்தில் டிராக்டர்காரர் அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருந்தார். பகை உள்ளவனெல்லாம் அரிவாளைத் தூக்குவான் என்றால் எங்கள் ஊரில் ஆளே மிஞ்சியிருக்காது. ஊர் பேசிய கதை வேறு. வெள்ளைக் காரில் வந்த மூன்று பேர் வெட்டினார்கள், ஐந்து நிமிடத்தில் எல்லையைத் தாண்டிவிட்டார்கள். தாண்டிவிட்டால் வேறு மாநிலம், வேறு போலீஸ். காரை அனுப்பியது யார் என்பதையும் பேசினார்கள், கதவைச் சாத்திக்கொண்டு.

டீக்கடையில் அப்போது நான்கு பேர் இருந்தார்கள். கடைக்காரர் பால் எடுக்க உள்ளே போயிருந்தாராம். ஒருவர் பேப்பரில் மூழ்கியிருந்தாராம். இன்னொருவர் கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தாராம். நான்காவது ஆள், அன்றைக்குத் தான் ஊரிலேயே இல்லை என்று சத்தியம் செய்தார். அங்கே இருந்த ஒருவரும் பார்க்காத கொலையை, அங்கே இல்லாத என் மாமா மட்டும் பார்த்தார்.

மாமா என்பது அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டோடு இருந்தார். அரசாங்க வேலைக்குக் காத்திருப்பதையே முழுநேர வேலையாகச் செய்துகொண்டிருந்தவர். கொலை நடந்த அந்த வைகாசிக் காலையில், பத்து மணிக்கு, அவர் காரைக்காலில் ஒரு செருப்புக் கடையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் பெருவிரலை அழுத்தி ஷூ அளவு பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடம் திறக்கப் பத்து நாள் இருந்தது. திரும்பி வரும்போது பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்திவிட்டார்கள். ஷூ பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வெயிலில் நடந்தே வந்தோம். கொலை நடந்ததே அப்போதுதான் எங்களுக்குத் தெரியும்.

மாமாவுக்கு ஒரு பழைய சங்கடம் இருந்தது. எங்கள் பக்கம் சாராயப் பாட்டில் மலிவு, எல்லைக்கு அந்தப் பக்கம் கிராக்கி. பால் கேனுக்குள் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு போய் ஒரு தடவை மாட்டிக்கொண்டார். அந்த வழக்கு ஸ்டேஷனில் பாதி எழுதியபடி கிடந்தது. முழுதாக எழுதிவிட்டால் அரசாங்க வேலையைத் தலைமுழுக வேண்டியதுதான். நாங்கள் அதை மறந்துவிடுகிறோம், நீ இதை ஞாபகம் வைத்துக்கொள் என்பதுதான் போலீஸின் பேரம். வேலிக்கு ஓணான் சாட்சி என்பார்கள். இந்த ஓணானுக்குத் தலையாட்டச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதை ஏட்டு ஒருவர் மூன்று தாளில் எழுதிக்கொண்டு வந்து கொடுத்தார். அவர் புதுச்சேரிக்காரர். அங்கே உள்ளவர்களுக்குக் காரைக்கால் மாற்றல் என்றால் தண்டனை. எங்கள் கொசுவையும் வெயிலையும் திட்டிக்கொண்டே வருவார். நெல் எந்த மரத்தில் காய்க்கும் என்று கேட்கிற ரகம்.

"ரெண்டு நாள்ல மாஜிஸ்திரேட்டு முன்னாடி சொல்லணும். ஒரு வார்த்தை முன்னபின்ன ஆகக்கூடாது, புரியுதா?" என்றார்.

"சரிங்க ஏட்டய்யா," என்றார் மாமா.

மாமாவுக்குப் படித்தது எதுவும் தலையில் நிற்காது. அதனால் தாள்களை என்னிடம் கொடுத்து, தான் ஒப்பிக்க ஒப்பிக்கத் தப்பு வந்தால் சொல்லச் சொன்னார். எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் எப்போதும் என்னை ஒப்பிக்க வைப்பார்கள். இப்போது பெரிய மனுஷர் ஒருவர் என் முன்னால் கைகட்டி நின்று ஒப்பித்தார். மேலே கண்ட விலாசத்தில் நான் குடியிருந்து வருகிறேன் என்று தொடங்கி, மேற்படி நாளில் காலை சுமார் பத்து மணியளவில் என் அக்காளின் வயலுக்கு வாய்க்காலிலிருந்து தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தபோது, அய்யோ என்ற சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன் என்று அது போகும். தடுமாறினால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னேன். ஒரு தடவை ஸ்கேலால் அவர் முழங்காலில் தட்டக்கூடச் செய்தேன்.

கேட்காமலும் இல்லை. பத்து மணிக்கு நீங்கள் என்னோடு ஷூ கடையில் அல்லவா இருந்தீர்கள் என்று கேட்டேன். "இது பொய் இல்ல பாப்பா. இதுக்குப் பேரு வாக்குமூலம்," என்றார் மாமா. எனக்கு அது போதுமானதாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் 'நான் கண்ட பொருட்காட்சி' என்று ஒரு கட்டுரை உண்டு. எங்கள் வகுப்பில் ஒருத்தியும் பொருட்காட்சியைக் கண்டதில்லை. ஆனாலும் எல்லோரும் ராட்டினத்தில் ஏறினோம், டெல்லி அப்பளம் தின்றோம், மனமில்லாமல் வீடு திரும்பினோம். எனக்குப் பத்துக்கு ஒன்பது. மாமாவுடையதும் அந்த மாதிரி ஒரு கட்டுரை என்றுதான் எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு யோசித்தால், பிள்ளைகளுக்குப் பொய்ச்சாட்சியை நாம் தமிழ்ப் பாடத்திலேயே தொடங்கிவிடுகிறோமோ என்று கோபம் வருகிறது.

டிராக்டர்காரரின் மகள் என் வகுப்புத்தான். ஒரே பெஞ்சு. தாளில் இருந்த பெயர் அவளுடைய அப்பா பெயர் என்று எனக்கு நன்றாகவே தெரியும். எங்கள் வயலை உழுது தருபவர் அவர்தான். உழுது முடித்துக் கிளம்பும்போது எங்கள் இருவரையும் மட்கார்டில் உட்கார வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுவார். தாளில் இருந்தவரும் அவரும் ஒரே ஆள் என்பது தெரிந்தும் எனக்கு உறைக்கவில்லை. கட்டுரையில் வருகிறவர்களுக்கு என்ன ஆகிவிடப் போகிறது?

அம்மா அந்த இரண்டு நாளும் கூடத்துக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அப்பாவுக்குப் புதுச்சேரியில் உத்தியோகம், மாதம் இரண்டு தடவை வருவார். வயல் முழுக்க அம்மாவின் பொறுப்பு. முதல் நாள், "வேணாம்டா தம்பி, குடும்பஸ்தன்டா அவரு," என்றாள். "எனக்கு வேற வழி இல்லக்கா," என்றார் மாமா. அதற்குப் பிறகு அம்மா வாயைத் திறக்கவில்லை. புளி கரைத்தாள், கீரை ஆய்ந்தாள். சம்மதித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் மதியம் ஏட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து கடைசியாக ஒருமுறை கேட்டார். மாமா ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தார். ஏட்டு திருப்தியாகத் தலையாட்டினார். என் உழைப்பை யாரும் கவனித்த மாதிரித் தெரியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"அதுல ஒரு தப்பு இருக்கு சார்," என்றேன்.

உள்ளேயிருந்து அம்மா என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அரிசி களையச் சொல்வாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

"என்னா தப்பு?" என்றார் ஏட்டு.

"இப்ப வாய்க்கால்ல தண்ணியே கெடையாதே. மேட்டூர்ல தெறந்து, நம்ம கடைமடைக்கு வர்றதுக்கு ஆனி ஆயிடும். நம்ம பக்கம் போர் போட்டாலும் உப்புத்தண்ணிதான். வைகாசில யாரு சார் தண்ணி பாய்ச்சுவா?"

ஏட்டு மாமாவைப் பார்த்தார். வயலில் கால் வைத்தே பழக்கமில்லாத மாமா கூரையைப் பார்த்தார். அம்மா மறுபடியும் கூப்பிட்டாள், இந்தத் தடவை சத்தமாக. நான் எழுந்திருக்கவில்லை.

"அப்ப இந்த மாசத்துல வயல்ல என்னாதான் செய்வாங்க?" என்று ஏட்டு என்னையே கேட்டார்.

"தூர் வாருவாங்க. மண்வெட்டியால வாய்க்கால வெட்டி மண்ண கரையில போடுவாங்க. அப்பத்தான் தண்ணி வந்தா தேங்காம ஓடும்."

ஏட்டு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார். பள்ளிக்கூடத்துக்காக வாங்கிய புது நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்துக் கொடுத்தேன். தண்ணீர் பாய்ச்சியதை அடித்துவிட்டுத் தூர் வாரியதை எழுதினார். கரையில் நின்றதால் சாலை தெளிவாகத் தெரிந்தது என்று ஒரு வரி கூடுதலாகவும் சேர்த்துக்கொண்டார். "நல்லாப் படி. கலெக்டரா வருவ," என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரிச் சோற்றில் எனக்கு அம்மா தயிர் ஊற்றவில்லை. வீட்டில் தயிர் இல்லையாக்கும் என்று நினைத்தேன்.

பள்ளிக்கூடம் திறந்தபோது டிராக்டர்காரர் மகள் வரவில்லை. தாயார் ஊருக்குக் கூட்டிப் போய்விட்டார்களாம். பெஞ்சில் ஜன்னலோர இடம் அவளுடையது. எத்தனையோ நாள் கேட்டும் விட்டுக்கொடுக்காதவள். முதல் நாளே நகர்ந்து அங்கே உட்கார்ந்துகொண்டேன். காற்று நன்றாக வந்தது. சந்தோஷமாக இருந்தது. இதை எழுதும்போது என்னையே அறையத் தோன்றுகிறது.

வழக்கு விசாரணைக்கு வர மூன்று வருடமாயிற்று. டிராக்டர்காரருக்கு வாதாடிய வக்கீல் குரும்பகரத்து விவசாயக் குடும்பம். வைகாசி மாதத்தில் வயலில் உமக்கு என்ன வேலை என்று எடுத்த எடுப்பிலேயே கேட்டிருக்கிறார். தூர் வாரினேன் என்று மாமா சொன்னதும் அவர் வேறு கேள்விக்குத் தாவிவிட்டாராம். விவசாயி மகன் அதை இல்லை என்று எப்படிச் சொல்வார்? மாமா இதை வீட்டில் வந்து சிரித்துச் சிரித்துச் சொன்னார். டீக்கடையில் இருந்த நான்கு பேரும் பிறழ்சாட்சி ஆனார்கள். டிராக்டர்காரருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது.

தீர்ப்பின் நகலைப் பெரியவளான பிறகு வாங்கிப் படித்தேன். மாமாவைப் பற்றி மட்டும் இரண்டு பக்கம் இருக்கிறது. இவர் இயல்பான சாட்சி. அந்தப் பருவத்தில் அந்தப் பகுதியில் என்ன வேலை நடக்குமோ அதைச் செய்துகொண்டிருந்தவர். சொல்லிக்கொடுத்துச் சொல்கிற சாட்சிக்கு இத்தகைய நுணுக்கம் வராது என்று எழுதியிருக்கிறார் நீதிபதி. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா என்று திட்டிக்கொண்டேதான் படித்து வந்தேன். அந்த இடத்துக்கு வந்ததும் திட்ட வாய் வரவில்லை. அவர் மதியோடுதான் கேட்டிருக்கிறார். நெய்யைப் பக்குவமாகத் தடவிக் கொடுத்தது நான்.

மாமா இப்போது அரசு ஊழியர். அன்று எங்கே இருந்தீர்கள் என்று ஒருநாள் நேருக்கு நேராகக் கேட்டேன். கரையில்தான் நின்றேன் என்றார். மண்வெட்டியை எப்படிப் பிடித்திருந்தார், சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கையை ஆட்டிக் காட்டினார். கண் கலங்கியது அவருக்கு. அவர் பொய் சொல்லவில்லை. நம்பிவிட்டார். அவருடைய சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது.

போன வருடம் டிராக்டர்காரர் விடுதலையாகி வந்தார். கோட்டுச்சேரி பஸ் நிறுத்தத்தில் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். என்னைப் பற்றி அவளுக்கு எதுவும் தெரியாது. நேராக வீட்டுக்கு வந்து, இத்தனை வருடம் உள்ளே வைத்திருந்ததை அம்மாவிடம் கொட்டினேன். தூர் வாரினதாகச் சொல்லிக்கொடுத்தது நான்தான், நீ அடுப்படியில் இருந்ததால் உனக்குத் தெரியாது என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள்.

"எனக்கா தெரியாது? வருசம் பூரா அந்த வாய்க்கால்ல நின்னவ நான். ஏட்டு எழுதியாந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்டி. ரெண்டு நாளும் அவன் தண்ணி பாய்ச்சினேன் பாய்ச்சினேன்னு ஒப்பிச்சத கேட்டுக்கிட்டேதான் இருந்தேன். கோர்ட்டுல ஒரே கேள்வியில சாயம் வெளுத்துடும், அவரும் தப்பிச்சுப்பாரு, இவனும் என்னைக் குத்தம் சொல்ல முடியாதுன்னு அந்த இல்லாத தண்ணிய நம்பித்தான் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வெளியே வந்து அந்த ஏட்டு முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, குறைந்தபட்சம் என் வாயில் இரண்டு போட்டிருக்கலாமே என்று கத்தினேன்.

"ரெண்டு தடவ கூப்பிட்டேன்ல," என்றாள் அம்மா.