காலம் வரைந்த துணி

கொல்கத்தாவில், டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு வீட்டின் மேல்மாடிக்கு நாங்கள் குடிபோன வருடம்தான் அவன் தூரிகையைக் கீழே வைத்தான். கோயம்புத்தூரில் கல்லூரியில் பழகி, இரண்டு வீட்டாரிடமும் போராடிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் நாங்கள். ஓவியம் மேலே படிக்க கொல்கத்தாதான் சரி என்று அவன் சொன்னதால், என் கம்பெனியில் அந்த ஊர் சால்ட் லேக் அலுவலகத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். படிப்பு முடிந்ததும் அவனுக்கு வரைவதிலேயே நம்பிக்கை போய்விட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆளுயர மரச்சட்டத்தில் வெளுக்காத கோராத் துணியை இழுத்து ஆணியடித்து மொட்டைமாடியில் நிறுத்தினான்.

“இனிமே நான் வரையப்போறதில்ல. காலம் வரையட்டும்,” என்றான்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெயிலும் மழையும் காளி பூஜைப் பட்டாசுப் புகையும் புறா எச்சமும் அதில் விழும், சில வருடம் கழித்து எடுத்து மாட்டினால் அதுதான் ஓவியம் என்று விளக்கினான். மனிதக் கை அதில் படவே கூடாதாம்.

மனிதக் கை படாமல் இருப்பதற்கு எவ்வளவு வேலை என்று எனக்குப் போகப் போகத்தான் தெரிந்தது. சித்திரை பிறந்தால் இந்த ஊரில் சாயங்காலங்களில் கால்பைசாகி வரும்; வானம் சட்டென்று கறுத்து, தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போகும் காற்று அடிக்கும். அப்போது சட்டத்தைச் சுவரோடு சேர்த்துக் கட்டவேண்டும். வெயில் நகர நகர அதையும் நகர்த்தவேண்டும். கீழே குடியிருந்த வீட்டுக்கார அம்மாள், எங்களுக்கு மாசிமா, பருப்பு வடகம் காயவைக்க வரும்போதெல்லாம், அந்தத் துணியைத் தொடவேண்டாம் என்று என் அரைகுறை வங்காள மொழியில் கெஞ்சவேண்டும். அவன் பகலில் தூங்குகிறவன். இதெல்லாம் என் வேலையானது.

அடுத்த வருடம், ஓவியர்களை வரவழைத்துத் தங்கவைக்கும் ஒரு இடத்திலிருந்து அவனுக்கு ஜெர்மனிக்கு அழைப்பு வந்தது. கிளம்புவதற்கு முன்னால் குழந்தைப் பேச்சை எடுத்தேன். இந்த வேலை முடியட்டும் என்றான். எப்போது முடியும் என்று கேட்டேன். அதைக் காலம்தான் சொல்லணும் என்று சிரித்தான். நானும் சிரித்தேன். இப்போது நினைத்தால் வாயில் கசக்கிறது.

ஆறு மாதம் என்று போனவன், ஒவ்வொரு தடவையும் ஒரு வருடம் என்று இரண்டு தடவை நீட்டித்துக்கொண்டான். வீடியோ காலில் என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் துணியைத்தான் காட்டச் சொல்வான். ஒருநாள் அலுவலக மீட்டிங்கில் இருக்கும்போது ஜன்னலில் வானம் கறுத்தது. ஏதோ சாக்குச் சொல்லி, டாக்ஸி பிடித்து ஓடிவந்தேன். சட்டம் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கி நிமிர்த்தியதில் மணிக்கட்டு பிசகி, பல வாரங்கள் ஒற்றைக் கையால்தான் டைப் அடித்தேன். ஆனால் துணி அழகாகிக்கொண்டிருந்தது. அது நிஜம். ஓரத்தில் துரு இறங்கி, நடுவில் சாம்பலும் பழுப்பும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்து, எங்கோ தூரத்துக் கரையைப் பார்ப்பதுபோல இருக்கும். வேலை விட்டு வந்ததும் அதன் எதிரில்தான் உட்காருவேன்.

பிறகு திருநெல்வேலியில் என் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. ஒரு வாரம் ஊரில் இருந்துவிட்டுத் திரும்பினால், மொட்டைமாடியில் வெறும் சட்டம் நின்றது. மாசிமா வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொண்டார். அவருடைய பேரனுக்கு முதல் சோறு ஊட்டும் சடங்கை மாடியில் பந்தல் போட்டு நடத்தியிருக்கிறார்கள். சொந்தக்காரர்கள் வரும் இடத்தில் பௌமாவின் துணி இவ்வளவு அழுக்காக நின்றால் எனக்குத்தானே அவமானம் என்று ஆணிகளைப் பிடுங்கி, சோப்புத்தூளில் ஊறவைத்து, அடித்துத் துவைத்து, நீலம் போட்டு, இஸ்திரியும் போட்டு வைத்திருந்தார். பௌமா என்றால் மருமகள்; என்னை அப்படித்தான் கூப்பிடுவார். அன்பாகத்தான் செய்தார். அந்த மடிப்பை வாங்கிக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவனிடம் சொன்னபோது திட்டுவான் என்றுதான் நினைத்தேன். சட்டம் உடையவில்லையே என்று மட்டும் கேட்டான். கொல்கத்தாவில் கண்காட்சிக்கு ஏற்கெனவே தேதி குறித்தாகியிருந்தது. குளிர்காலத்தில் வந்து சேர்ந்தவனிடம், துவைத்த துணியையே மாட்டிவிடு, நடந்தது அதுதானே என்றேன். அதை விரித்துக்கூடப் பார்க்கவில்லை. கடைக்குப் போய்ப் புதிதாகக் கோராத் துணி வாங்கிவந்தான். டீ டிகாக்‌ஷன், இரும்பு நாரை ஊறவைத்த வினிகர், மண்ணெண்ணெய் விளக்கின் கரி, சாம்பிராணிச் சாம்பல் என்று ஒவ்வொன்றாகத் தெளித்தான், தேய்த்தான், துடைத்தான். சீக்கிரம் காயவேண்டும், என் ஹேர் டிரையரைப் பிடி என்றான். பிடித்தேன். மறுநாள் மத்தியானத்துக்குள் காலம் தன் வேலையை முடித்துவிட்டது.

திறப்புவிழாவில் துணிக்குப் பக்கத்தில் ஒரு அட்டை இருந்தது: ‘துணி, வெயில், மழை, காலம்.’ வயதான ஒரு வங்காளி அதன்முன் வெகுநேரம் நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். தன் மனைவி இறந்த வருடத்தின் மழை இதில் எங்கோ இருக்கிறது என்று என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். அவன் மைக்கில் பேசும்போது, “நான் ஒன்றும் செய்யவில்லை, காத்திருந்தேன், அவ்வளவுதான்” என்று ஆங்கிலத்தில் சொன்னான். கைதட்டினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “காத்திருந்தது யாரு?”

“எல்லாத்தையும் உன்னோட விஷயமா ஆக்காதே. பாக்கறவங்களுக்கு உண்மையாப் பட்டா போதும்.”

“எனக்கு நாலு வருஷம் போச்சு.”

“நான் உன்னைக் கட்டியா வச்சிருந்தேன்?”

கட்டி வைக்கவில்லைதான்.

அந்தத் துணியை ஒரு ஹோட்டல் வாங்கி, வரவேற்பு அறையில் மாட்டியது. வெயிலும் தூசியும் படாமல், இன்னும் பழசாகிவிடாமல் இருக்க முன்னால் கண்ணாடி போட்டிருக்கிறார்களாம். அவன் தில்லிக்குப் போனான். நான் போகவில்லை. விவாகரத்துக்கு அவனே மனுப் போட்டான். நான் கையெழுத்துப் போட்டேன். இதே ஊரில், பெஹாலாவில் சின்னதாக ஒரு ஃப்ளாட் வாங்கினேன். குழந்தைக்கு இன்னும் வழி உண்டா என்று கேட்க ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் ரொம்ப மெதுவாக, இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கலாம் என்றார்.

போன வருடம் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு ஆராய்ச்சி மாணவி வந்தாள். தமிழ்ப் பெண், பிறந்து வளர்ந்தது இங்கேதான். அவள் தமிழில் பாதி வங்காளம்; அக்கா என்பதற்குத் தீதி என்பாள். அவனுடைய கலையில் காலம் என்பதுதான் அவள் தலைப்பு. அப்படிப்பட்ட ஒருவரோடு வாழ்ந்ததில் காலத்தைப் பற்றிய உங்கள் உணர்வு மாறியதா என்று கேட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். மாசிமா, நீலம், டிகாக்‌ஷன், ஹேர் டிரையர், ஒன்று விடாமல். சொல்லச் சொல்ல மனசு லேசானது. இவளாவது எழுதட்டும் என்றிருந்தது.

அவள் ரெக்கார்டரை நிறுத்திவிட்டு, கண் விரிய என்னைப் பார்த்தாள்.

“அப்போ இது இன்னும் பெரிய ஒர்க், தீதி. காலத்தையே போலி பண்ணியிருக்கார். எவ்ளோ டேரிங்.”

கட்டுரை வந்ததும் லிங்க் அனுப்பினாள். அசல் என்பதையே கேள்விக்கு உள்ளாக்கிய கலைஞன் என்று அவனைப் பற்றி எழுதியிருந்தாள். என்னைத் தேடிப் பார்த்தேன். அடிக்குறிப்பில், ‘குடும்ப வட்டாரத் தகவல்’ என்று இருந்தேன்.