நூறு துடிப்பு

முந்தல் ஊரில் ஒரு வைத்தியரிடம் போயிருந்தேன். தாதி என் விரலில் ஒரு சின்னக் கருவியைக் கவ்வவிட்டாள். மூச்சுக்காற்று இரத்தத்தில் எவ்வளவு ஏறியிருக்கிறது, நெஞ்சு எத்தனை தரம் அடிக்கிறது என்று அது காட்டியது. காற்றில் குறையில்லை. துடிப்பு நூற்றுப் பத்து.

"ஓடியா வந்தீங்க, நானா?" அண்ணன் முறை வைத்துக் கேட்டாள்.

"இந்த வயித்தோடயா?"

பத்து வயதில் என் நெஞ்சுதான் வாப்பாவின் கடிகாரம். கற்பிட்டிக் கடலில் அவர் கடலட்டைக்காக மூச்சடக்கி மூழ்குவார். தோணியில் நான் என் நாடியைப் பிடித்து எண்ணி, நூறு வந்ததும் கயிற்றை இழுக்க வேண்டும். கரையில் ஒத்திகை பார்த்தபோது கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

கடலில் அவர் தலை மறைந்ததும் என் நெஞ்சு இரண்டு பேருக்குமாக அடித்தது. மூச்சை அடக்கியவர் அவர்; காற்றுக்கு அலைந்த இரத்தம் என்னுடையது. பாதி நேரத்தில் நூறு வந்துவிட, இழுத்தேன். வெறுங்கையோடு வந்தார்.

"எண்ணத் தெரியாதா மகன்?"

"நூறு வந்திச்சு வாப்பா."

நாலாவது தரமும் அப்படியே வந்தவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "யா அல்லாஹ்! இந்த ஓட்டத்துக்கு நான் தலை நனைய முந்தியே ஏறணுமே!"

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரரைக் கூட்டிப்போனார். அவரிடம் கைக்கடிகாரம் இருந்தது. அதற்கு வாப்பா கிடையாது, ஒழுங்காக ஓடியது. நான் கரையில் தனியே இருந்து எண்ணினேன்.

"கூட ஆராச்சும் வந்தாங்களா?" தாதி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப நான் கொஞ்சம் இருக்கன்." கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கருவியில் இலக்கம் இறங்கத் தொடங்கியது. எனக்கு அது பிடிக்கவில்லை. இன்னும் இறங்கினால் எழுந்து போய்விடுவாள்.